காற்றில்லாத நாள்

அத்தியாயம் 9

பன்னிரண்டாவது நாள் காலையிலும் படுக்கை விரிப்பு நனைந்துதான் கிடந்தது.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரிப்பின் ஒரு முனையை மனைவி இழுக்க, மறுமுனையை அவன் இழுக்க, இருவருமாகச் சுருட்டி வாளிக்குள் போட்டார்கள். இப்போதெல்லாம் இது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

"கனவா?" என்றாள்.

"ம்."

"நேத்து வந்த மாதிரியா?"

"நேத்து பரவாயில்ல. இன்னைக்கு எல்லாமே கலர்ல வந்துச்சு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் கையைத்தான் பார்த்தாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் கையைத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டான்.

"லீவை இன்னும் ஒரு வாரம் கூட்டிக் கேட்டிருக்கலாம்ல? டாக்டரும் அதைத்தானே சொன்னாங்க."

"கேட்டேனே. மஞ்சக்காமாலைக்குப் பன்னெண்டு நாள் பத்தாதான்னு கேக்குறாங்க. இன்னைக்கு வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்களாம்."

"மஞ்சக்காமாலைன்னு சொன்னது நீங்கதானே."

"வேற என்ன சொல்றது? நீயே ஒரு நல்ல வியாதியா சொல்லேன்."

கட்டட வேலை நடக்கிற இடத்தில் அவனுக்கு 'மேலாளர்' என்று பெயர். பதவியால் வந்ததல்ல. எல்லோருக்கும் மேலே, ஐம்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் என்பதால் வந்தது. கோபுரக் கிரேன் ஓட்டுகிறவன். உண்மையான மேலாளர் ஒருவர் குளிரூட்டிய அறையில் இருந்தார்; அவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

பதினாறு வருடமாக அவன் கஞ்சா இல்லாமல் அந்த ஏணியில் ஏறியதில்லை. காலையில் ஏறுமுன் ஒன்று. மதியம் கேபினில் ஒன்று. சாயங்காலம் வீட்டு மொட்டைமாடியில் ஒன்று. வெறும் சிகரெட் என்றே அவள் நம்பியிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில்லை அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. 'மேலே வெயில் கூசுது, அதான் கண் சிவக்குது' என்று அவன் சொன்ன பேச்சை நம்பி, மூன்று கறுப்புக் கண்ணாடிகள் தன் கையாலேயே தேய்த்துக் கொடுத்திருக்கிறாள்.

பன்னிரண்டு நாளுக்கு முன் அவனே தகர டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் மேசையில் வைத்தான். அவள் கத்தவில்லை. மறுநாள் காலையில் அவனை மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துப் போனாள். அதுவரை அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவன் மேசையில் வைத்தது பாதி உண்மையைத்தான்.

மீதிப் பாதி, அதற்கும் ஒன்பது நாள் முன்னால் நடந்தது.

மதிய நேரம். இரண்டு டன் கம்பிக்கட்டு ஒன்றை ஏழாவது தளத்தில் இறக்கிக்கொண்டிருந்தான். அந்தத் தளத்தில் நின்று கை காட்டிய சிக்னல்காரன் வேறு யாருமில்லை, மனைவியின் சொந்தத் தம்பி. அவன் இரண்டு கைகளையும் அகல விரித்தான். நிறுத்து என்று அர்த்தம். மேலாளர் அதைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். ஆனால் பார்த்த கண்ணுக்கும் பிடியிலிருந்த கைக்கும் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போல எதுவோ விரிந்து கிடந்தது. கை அசைவதற்குள் கம்பிக்கட்டு ஆடிப்போய், மைத்துனனின் தலைக்கு ஒரு சாண் தள்ளிக் கடந்து, சாரத்துக் குழாயில் மோதி அதை வளைத்தது. அப்புறம்தான் அவன் வெடுக்கென்று மேலே தூக்கினான்.

கீழே இருந்தவர்கள் பார்த்தது அந்த வெடுக்கை மட்டும்தான்.

"காத்து தூக்கிட்டுப் போயிருச்சு. மேலாளர் மட்டும் திருப்பலைன்னா ஆள் காலி" என்றார்கள். பதிவேட்டிலும் காற்று என்றே எழுதப்பட்டது. மைத்துனன்தான் கையெழுத்துப் போட்டான். அன்று வீட்டில் மனைவி அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கை இல்லன்னா எனக்குத் தம்பி இல்ல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கையை விடவேயில்லை.

அவன் வாயைத் திறக்கவில்லை. மேலும் ஒன்பது நாள் புகைத்தான். பத்தாவது நாள் டப்பாவை மேசையில் வைத்தான்.

"தம்பியும் இன்னைக்கு உங்க கூடத்தானே?" என்று இப்போது கேட்டாள்.

"ஆமா."

"அப்ப எனக்குப் பயமில்ல" என்றாள்.

* * *

ஏணியடியில் நின்றபோது, இதுவரை இதை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

கம்பிகள் எவ்வளவு ஒல்லி. இடைவெளிகள் எவ்வளவு பெரிசு. ஏறி இளைப்பாற எட்டு சின்ன மேடைகள். ஒவ்வொன்றின் தரையும் சல்லடை மாதிரி, காலுக்குக் கீழே எல்லாம் தெரிகிறது. இதில் தினமும் யாரோ ஒருத்தன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறிப் போயிருக்கிறான்.

முதல் மூன்று மேடைகள் வரை ஒன்றுமில்லை. நான்காவதில் கால் நின்றுவிட்டது.

பிறகு நகரவில்லை. முழங்கால் இரண்டும் யாரோ பின்னாலிருந்து தட்டுவதைப் போல உதறின. நெஞ்சு தொண்டைக்கு ஏறி அடித்தது. கம்பியைக் கட்டிப் பிடித்து நெற்றியை அதில் வைத்துக்கொண்டான். இரும்பு சில்லென்றிருந்தது. உயரம் பார்த்துப் பயப்படாத ஆள் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பயம் இல்லாமல் போகவில்லை, இத்தனை நாளும் புகைக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். பதினாறு வருடப் பயமும் இன்றைக்கு ஒரே நாளில் வந்து நின்றது.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மாமா, என்ன அங்கேயே நின்னுட்டீங்க? வாடகை கட்டப் போறீங்களா?"

கீழே குனிந்து பார்த்தான். மைத்துனன் மஞ்சள் தொப்பியோடு விரல் நகத்தளவு தெரிந்தான். பார்த்திருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டான்.

"மூச்சு வாங்குது மாப்ள. மஞ்சக்காமாலை ஒடம்பு."

பிறகு குரல் தாழ்ந்து வந்தது. "எறங்கணும்னா எறங்கிருங்க. நான் ஏதாவது சொல்லிக்கிறேன்."

இறங்கினால் இன்னொரு முறை ஏற முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. கண்ணைத் திறக்காமலே ஒரு கையை மேலே நீட்டி அடுத்த கம்பியைத் தேடினான். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் ஏறுகிறவனுக்கு அன்றைக்குக் கேபின் கதவைத் தொட முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

இருக்கையில் விழுந்தவனுக்கு வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கை தானாக இருக்கையின் அடிப்பக்கம் போனது. பஞ்சு கிழிந்த இடத்தில் விரல் விட்டால், இருந்தது. பாதி உருட்டிய ஒன்று, பிளாஸ்டிக் தாளில் சுற்றியபடி. அவனே வைத்தது. அவனே மறந்தது. பன்னிரண்டு நாளாக மாற்று ஆள் அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டியிருக்கிறான்.

தாளைப் பிரித்ததும் வாசனை வந்தது. வாயில் எச்சில் ஊறியது. நாலு இழுப்பு. நாலே நாலு. இந்த நெஞ்சடிப்பு அடங்கிவிடும், கால் உதறல் நின்றுவிடும், அப்புறம் ஐம்பது மீட்டரும் ஐந்து மீட்டரும் ஒன்றுதான்.

"மாமா, முதல் லோடு ரெடி. நான் கொக்கிக்குக் கீழதான் நிக்கிறேன்" என்றது வாக்கி-டாக்கி.

ஜன்னலைத் தள்ளி, உள்ளங்கையில் வைத்து நசுக்கி, வெளியே உதிர்த்தான். காற்று இம்மியும் இல்லை. தூள் பறக்கவில்லை, நேராகக் கீழே இறங்கியது.

பதினொரு மணிக்குள் ஐந்து லோடு தூக்கினான். ஒவ்வொன்றையும் முட்டைக்கூடையை இறக்குவது போல இறக்கினான். கீழே கொத்தனார்கள் முறுமுறுத்தார்கள். மேலாளருக்கு மஞ்சக்காமாலை மண்டைக்கு ஏறிவிட்டது என்று யாரோ சொன்னது வாக்கி-டாக்கியில் கேட்டது. கேட்கட்டும். ஒவ்வொரு முறையும் மைத்துனன் கை தூக்கியதும் அவன் கை நின்றது. உடனே நின்றது. கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஒன்றுமில்லை.

ஆறாவது லோடு வரவில்லை.

"மாமா, கீழ வாங்க."

"ஏன்?"

"வாங்களேன். புதுசா ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்திருக்காங்க. எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கப் போறாங்களாம். கிரேன் ஆளுங்கதான் முதல்ல."

"என்ன டெஸ்ட்?"

"மூத்திரம்."

* * *

சாமான்கள் வைக்கிற இரும்புப் பெட்டி அறைக்குப் பின்னால் மைத்துனன் காத்திருந்தான். நல்ல வளர்த்தியான பையன். முப்பது வயதாகியும் அக்கா அவனைப் பையன் என்றுதான் சொல்வாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எனக்குத் தெரியும் மாமா" என்றான் எடுத்த எடுப்பில். "அக்கா சொல்லிட்டா. நீங்க விட்டுட்டீங்கன்னும் சொன்னா."

"அப்ப என்ன பயம்? பன்னெண்டு நாளா நான் தொடவே இல்ல."

சொல்லும்போதே அவனுக்கு மறுவாழ்வு மையத்து டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பல வருடம் பழகிய உடம்பு அது, ஒரு மாதத்துக்கு மேல்கூடச் சோதனையில் காட்டும் என்றிருந்தார். அப்போது அதை யாருக்கோ சொல்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்காவுக்கு போன் பண்ணிக் கேட்டேன். கண்டிப்பா காட்டிரும்னு சொன்னா" என்றான் மைத்துனன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைக்குள் கை விட்டு ஒரு குட்டி பாட்டிலை எடுத்தான். "இந்தாங்க. என்னோடது. சூடு இருக்கான்னு பாப்பாங்களாம், அதான் அக்குள்ல வெச்சிருந்தேன்."

அவன் பாட்டிலைப் பார்த்தான். சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

"உள்ள ஆள் கூட வரமாட்டாங்க. கதவுக்கு வெளியதான் நிப்பாங்க. நான் விசாரிச்சுட்டேன்."

போன் அடித்தது. மனைவி.

"தம்பி குடுத்துட்டானா?" அவள் குரல் கடையின் பின்னறையிலிருந்து கிசுகிசுத்தது. "வாங்கிக்கங்க. ஒண்ணும் யோசிக்காதீங்க. நீங்க இப்ப யோக்கியமாத்தானே இருக்கீங்க? பழைய அழுக்குக்குப் புதுசா எதுக்குத் தண்டனை?"

"மாட்டினா உன் தம்பிக்கும் வேலை போகும்."

"மாட்டாது. நீங்க அவன் உயிரையே காப்பாத்தினீங்க. அவன் இது கூடச் செய்ய மாட்டானா?"

அவன் பாட்டிலை வாங்கி இடுப்பில் செருகினான். இன்னொரு மனிதனின் உடம்புச் சூடு வயிற்றில் பட்டது. போனை அணைத்துவிட்டு வரிசைக்கு நடந்தான்.

வரிசையில் அவனுக்கு முன்னால் இருவர். பாதுகாப்பு அதிகாரி ஒரு மடக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, குட்டையான முடி, குரலை உயர்த்தத் தெரியாதவர் போலப் பேசினார். அவருக்கு முன்னால் முத்திரையிட்ட குவளைகளும் பழைய பதிவேடும் இருந்தன.

"நீங்கதான் மேலாளரா?" என்று கேட்டு லேசாகச் சிரித்தார். "இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு சம்பவம் எழுதியிருக்கு. காத்து அடிச்சு லோடு ஆடினதா."

அவன் தொண்டையைச் செருமினான். அதற்குள் பின்னாலிருந்து மைத்துனன் முந்திக்கொண்டான்.

"ஆமா மேடம். திடீர்னு ஒரு காத்து. லோடு என் தலைக்கு நேரா வந்துச்சு. மாமா சட்டுனு மேல தூக்கினார். இல்லன்னா நான் இல்ல."

கடகடவென்று, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல முடித்தான். அதிகாரி தலையாட்டிக்கொண்டு ஒரு குவளையை எடுத்தார்.

"நீங்க அதிர்ஷ்டசாலி" என்று மைத்துனனிடம் சொன்னார். "இப்படி ஒரு கை மேல இருக்கிறதுக்கு."

மேலாளர் வரிசையை விட்டு விலகினான்.

"ரெண்டு நிமிஷம் மேடம். வந்துர்றேன்."

* * *

இரும்புப் பெட்டி அறைக்குப் பின்னால் மைத்துனன் ஓடி வந்தான்.

"என்ன மாமா பண்றீங்க? சந்தேகம் வந்துரும்."

"அன்னைக்குக் காத்து இல்ல மாப்ள."

மைத்துனன் காலால் ஒரு ஆணியைப் புரட்டினான்.

"நான் நிதானத்துல இல்ல. நீ கையை விரிச்சதைப் பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். கை வரல. அது முழுக்க என் தப்பு. நான் உன்னைக் காப்பாத்தல, கொன்னிருப்பேன்."

"தெரியும்" என்றான் மைத்துனன்.

கலவை எந்திரம் எங்கோ உருண்டுகொண்டிருந்தது.

"கொக்கிக்கு மேல ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கோம்ல. அது அசையவே இல்ல. அதைப் பாக்குறதுதானே என் வேலை."

"அப்புறம் ஏன் காத்துன்னு எழுதினே?"

"வேற என்ன எழுதறது? அக்கா புருஷன்னு எழுதவா?"

மேலாளருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார இடமில்லை.

"அதுக்கப்புறமும் ஒன்பது நாள் நீங்க மேல இருந்தீங்க, நான் கீழ நின்னேன்" என்றான் மைத்துனன். குரல் உடையாமல் இருக்க ஒவ்வொரு சொல்லாகப் பேசினான். "ஒன்பது நாள் மாமா. எண்ணிக்கிட்டுதான் நின்னேன். ஒவ்வொரு லோடுக்கும் எந்தப் பக்கம் குதிக்கலாம்னு மனசுக்குள்ள பாத்து வெச்சுக்குவேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிருவீங்களோன்னு பயம். சொல்லிட்டீங்கன்னா அப்புறம் என்னால அங்க நிக்க முடியாதுல்ல. நிக்கலைன்னா அக்கா ஏன்னு கேப்பா."

மேலாளர் இடுப்பிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினான்.

"வேணாம் மாப்ள."

"மாமா, மாட்டிக்குவீங்க."

"மாட்டிக்கிறேன்."

"நானும் மாட்டுவேன். காத்துன்னு கையெழுத்துப் போட்டது நான்."

அதை அவன் யோசித்திருக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். அது இறங்கி வந்து இன்னொருத்தன் தோளில் உட்காரும் என்று நினைக்கவில்லை.

மைத்துனன் பாட்டிலை வாங்கிக்கொண்டான். அதைச் சட்டைக்குள் செருகிவிட்டுச் சொன்னான்:

"என்னவோ பண்ணுங்க. ஆனா அக்காகிட்ட மட்டும் இதைச் சொல்லாதீங்க. அவ தாங்க மாட்டா."

திரும்பி நடந்து போய்விட்டான்.

* * *

குவளையில் இருந்தது அவனுடையதுதான். மேசையில் வைத்துவிட்டு, பணப்பையிலிருந்த மறுவாழ்வு மையத்துக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தான்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"எத்தனை வருஷம்?"

"பதினாறு."

"இன்னைக்கு மேல ஏறும்போது?"

"இல்ல மேடம். பன்னெண்டு நாளா இல்ல."

"அதுக்கு முன்னாடி, இந்தக் கிரேன்ல இருக்கும்போது?"

"தினமும்."

பேனா நின்றது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தில் விரலை வைத்தார்.

"அப்ப இது காத்துதானா?"

தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று.

"வாயால சொல்லுங்க. நான் எழுதணும்."

"காத்து இல்ல. என் கை வரல."

எழுதி முடித்து, அவன் பக்கம் திருப்பிக் கையெழுத்து வாங்கினார். கேபின் சாவியைக் கேட்டார். கொடுத்தான்.

"நீங்களா வந்து சொன்னதையும் எழுதியிருக்கேன். அது உங்களுக்கு உதவுமான்னு எனக்குத் தெரியாது. முடிவு வர்ற வரைக்கும் உள்ள வராதீங்க" என்றார். பிறகு, அவன் வாசலைத் தாண்டும்போது, "சிகிச்சையை நிறுத்திராதீங்க" என்றார்.

மைத்துனனைத் தேடினான். எங்கும் காணவில்லை. கூப்பிட்டுப் பார்த்தான்; மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை.

* * *

கடையின் பின்னறையில் தேய்க்கும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி கண்ணாடிச் சில்லை அதில் பிடித்தபடியே திரும்பினாள்.

"முடிஞ்சுதா? பாட்டில் சூடா இருந்துச்சா?"

"குடுக்கல. என்னோடதைத்தான் குடுத்தேன்."

சில் எந்திரத்தில் கிறீச்சிட்டது.

"பதினாறு வருஷம் பொய் சொல்லுங்கன்னு யாரும் கேக்கல, சொன்னீங்க" என்றாள். "ஒரே ஒரு நாள் சொல்லுங்கன்னு நான் கேட்டேன். முடியலையா?"

"முடியல."

"வேலை?"

"சாவியை வாங்கிட்டாங்க."

அவள் நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். கோபம் ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடமே வழி தேட ஆரம்பித்துவிட்டாள். அவள் சுபாவம் அது. "நான் வந்து பேசுறேன் அந்த மேடம்கிட்ட. ஒரு உயிரைக் காப்பாத்தின ஆளு. அந்தப் பதிவேட்டுலயே இருக்கே. அதைப் பாத்துமா வெளிய அனுப்புவாங்க?"

மைத்துனன் கேட்டுக்கொண்டது காதில் இருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம். அவனே கேட்டுக்கொண்டதுதானே. ஆனால் நாளைக்கு இவள் அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்பாள். அந்தப் பெண்மணி பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவார்.

"காப்பாத்தல" என்றான்.

"என்னது?"

"அன்னைக்குக் காத்து அடிக்கல. நான் போதையில இருந்தேன்."

சொன்னான். கம்பிக்கட்டு, விரிந்த கைகள், ஒரு சாண். சுருக்கமாகத்தான் சொன்னான், நீட்ட அதில் ஒன்றுமில்லை. அவள் கையை எடுத்து எந்திரத்தை அணைத்தாள். அறை திடீரென்று பெரிசாகிவிட்ட மாதிரி இருந்தது.

"தம்பிக்குத் தெரியுமா?"

"முதல்லேர்ந்தே."

"அன்னைக்கு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே. அப்பக்கூடச் சொல்லத் தோணலையா?"

"தோணுச்சு. பயம்."

அவள் கையிலிருந்த சில்லைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஓரம் உடைந்திருந்தது. குப்பைக் கூடையில் போட்டாள்.

"இன்னைக்கு வீட்டுக்கு வராதீங்க."

"நான் எங்க போறது?"

"எனக்குத் தெரியல. உங்க முகத்தைப் பாத்தா அந்தக் கம்பிக்கட்டுதான் தெரியுது."

புது சில் ஒன்றை எடுத்து மாட்டினாள். எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் திரும்பவில்லை.

* * *

பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்தபோது வெயில் தாழத் தொடங்கியிருந்தது.

வேலை இல்லை. வீடு இல்லை. ஆச்சரியம், நெஞ்சடிப்பும் இல்லை. உடம்பு மெல்ல மெல்ல இளகி, ஒரு நிம்மதி வந்தது. இங்கிருந்து மூன்று நிறுத்தம். டயர் கடைக்குப் பின்சந்து. ஒரு பொட்டலம். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல யாருமில்லை. ஏறப்போகிற கிரேனும் இல்லை.

அந்த நிம்மதி தன்னுடையதல்ல, பொட்டலத்துடையது என்று புரிந்ததும் அவனுக்கு முதுகு சில்லிட்டது. காலையில் நான்காவது மேடையில் கண்ட பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மறுவாழ்வு மையத்து எண்ணைத் தட்டினான். செவிலியர் எடுத்தார். டாக்டர் உள்ளே இருப்பதாகச் சொன்னார். அவன் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"இப்ப உங்க கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"தனியா இருக்காதீங்க. யார்கிட்டயாவது போங்க. யாருமே இல்லன்னா நேரா இங்க வாங்க. போனை மட்டும் வெச்சுராதீங்க."

மூன்று நிறுத்தம் தாண்டிப் போகிற பேருந்து வந்து நின்றது. மறுவாழ்வு மையத்துக்கும் அதே பேருந்துதான். டயர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். எழுந்தான். கதவுக் கம்பியைப் பிடித்தான்.

"மாமா."

பேருந்துக்குப் பின்னால் மைத்துனனின் மோட்டார் சைக்கிள் நின்றது. தலைக்கவசத்தின் கண்ணாடியை மேலே தள்ளியிருந்தான். அழுத கண்.

"அக்கா போன் பண்ணினா" என்றான். "ஒரு மணி நேரம் திட்ட வேண்டியதை நாலு நிமிஷத்துல திட்டிட்டா. சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல உங்ககிட்ட?"

"சொன்னே."

"ஏறுங்க."

"எங்க?"

"என் ரூமுக்கு. வேற எங்க போவீங்க?"

பேருந்து போய்விட்டது. செவிலியரிடம், ஆள் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. தோளைத் தொட்டான். தோள் ஒரு கணம் சிலிர்த்து ஒதுங்கியது. பிறகு அப்படியே இருந்தது.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு அந்த மேடம் என்னைக் கூப்பிட்டிருக்காங்க" என்றான் மைத்துனன், திரும்பாமலே. "காத்துன்னு நான் நிஜமாவே நினைச்சேன்னு சொன்னா என்னை விட்டுருவாங்க. உங்களுக்காகத் தெரிஞ்சேதான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு சொன்னா ரெண்டு பேரும் போவோம். நீங்க சொல்லுங்க. நான் என்ன சொல்லட்டும்?"

காலையிலிருந்து உண்மை சொல்லிச் சொல்லித் தன்னோடு சேர்த்து மூன்று பேரை உடைத்தாயிற்று. இனிமேல் எதைச் சொல்லவும் நாக்கு கூசியது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி. எடுத்துக் காதில் வைத்தான். பின்னால் தேய்க்கும் எந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க இருக்கீங்க?" என்றாள் கடைசியில்.

"தம்பி வண்டியில."

மறுபடி எந்திரச் சத்தம்.

"ரெண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருக்கீங்களா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. விளக்கு பச்சைக்கு மாறியது.